பன்னிரண்டு மாத உரிமமும் பதினைந்து ஆண்டுப் பொறுப்பும்

பொறியியல் மென்பொருளை இரண்டு வகையில் பெறலாம். ஒரே தடவை பணம் கட்டி, கைக்கு வந்த பதிப்பை எத்தனை ஆண்டானாலும் ஓட்டிக்கொள்வது ஒன்று. இது நிரந்தர உரிமம். மாதத்துக்கோ ஆண்டுக்கோ கட்டணம் செலுத்தி, செலுத்திய காலம் வரை மட்டும் திறக்க முடிவது மற்றொன்று. விற்பவர்கள் இதற்குச் சந்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளிதழுக்குச் சந்தா நின்றால் பழைய இதழ்கள் வீட்டில் கிடக்கும், வேண்டும்போது புரட்டலாம். இங்கே சந்தா நின்றால் பழைய இதழும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். எனவே வாடகை என்பதே இதற்குப் பொருந்தும் சொல்.

வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 1982 டிசம்பரில் வெளிவந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. 2016 ஜனவரி 31க்குப் பிறகு, அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தன் பெரும்பாலான தனி மென்பொருள்களுக்குப் புதிய நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. தொகுப்புகளுக்கு அதே ஆண்டு ஜூலை 31 கடைசி நாளானது. மற்ற நிறுவனங்கள் பலவும் முன்னும் பின்னுமாக அதே திசையில் நடந்தன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டு மேல்மாடியில் ஐந்தாறு பேருடன் நடக்கும் கட்டமைப்பு ஆலோசனை நிறுவனம், ஷா ஆலாமில் வடிகால் கணக்குப் போடும் அலுவலகம், கிள்ளான் புக்கிட் ராஜாவில் அச்சு செய்யும் பட்டறை என எல்லாருக்கும் இன்று ஆண்டுதோறும் புதுப்பிப்பு நாள் என்று ஒன்று உண்டு.

இந்த மாற்றம் நன்மைக்கே என்ற கருத்து தொழில் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. அதை அதன் வலுவோடு எடுத்துவைத்தால் இப்படி வரும்: பெருந்தொகை இல்லாத புதிய நிறுவனமும் உயர்தரக் கருவியோடு தொழில் தொடங்கலாம். எப்போதும் புதிய பதிப்பு கையில் இருக்கும். வேலை கூடினால் உரிமத்தைக் கூட்டலாம், குறைந்தால் குறைக்கலாம். வாடகை முழுவதும் அந்தந்த ஆண்டின் செலவாகக் கணக்கில் ஏறும். திருட்டுப் பிரதிகள் ஒழியும். விற்பவருக்கு நிலையான வருமானம் வருவதால் மென்பொருளும் தொடர்ந்து வளரும். இவற்றில் எதுவும் முழுப் பொய் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் பொறியியல் தொழில் நடக்கும் விதத்தோடு உரசிப் பார்க்கப்படாமல் ஏற்கப்பட்டிருக்கிறது.

1. முதல் ஆண்டுச் செலவு குறைவுதான். இரண்டாம் ஆண்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நிரந்தர உரிமம் 12,000 ரிங்கிட், ஆண்டு வாடகை 4,000 ரிங்கிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மூன்றாம் ஆண்டு முடிவில் இரண்டும் சமமாகின்றன. பதினைந்தாம் ஆண்டு முடிவில் வாடகைக்காரர் 60,000 கட்டியிருப்பார். வாங்கியவர் இடையில் இரண்டு முறை, முறைக்கு 6,000 கொடுத்துப் புதிய பதிப்புக்கு மாறியிருந்தாலும் அவர் செலவு 24,000. பதினாறாம் ஆண்டில் இருவரும் பணம் கட்டவில்லை என்றால் ஒருவர் வேலையைத் தொடர்கிறார், மற்றவர் வெறுந்திரையைப் பார்க்கிறார்.

இந்தக் கணக்கு விலை அசையாமல் நிற்கும் என்று எண்ணிப் போட்டது. மலேசியாவில் அது அசையாமல் நிற்க வழியில்லை. விலைப்பட்டியல் ரிங்கிட்டில் அச்சாகி வந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு நடுவில் ஒரு டாலர் சுமார் 3.20 ரிங்கிட். 2024 பிப்ரவரியில் அது 4.80ஐத் தொட்டது, 1998 நெருக்கடிக்குப் பின் ரிங்கிட் அவ்வளவு தாழ்ந்ததில்லை. 1,000 டாலர் மென்பொருள், விற்பவர் ஒரு சென்கூட ஏற்றாமலே 3,200 ரிங்கிட்டிலிருந்து 4,800 ஆகிவிடும். ரிங்கிட் பிறகு மீண்டது என்பதும் உண்மை. ஆனால் 2014இல் வாங்கி முடித்தவருக்கு அது விழுந்ததும் எழுந்ததும் வெறும் செய்தி. வாடகைக்காரருக்கு இரண்டுமே பில்.

வரியிலும் இதே கதை. வெளிநாட்டு நிறுவனங்கள் வழங்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு. முன்பே வாங்கி வைத்தவரை இந்த இரண்டும் தொடவில்லை. வாடகை இருக்கும்வரை புதிய வரி ஒவ்வொன்றும் வாடகைக்காரரின் வாசலுக்கு வரும்.

விற்பவர் தாமே ஏற்றுவதும் உண்டு. நிரந்தர உரிமத்தோடு பராமரிப்புத் திட்டமும் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு ஆட்டோடெஸ்க் 2017இல் 5, 2018இல் 10, 2019இல் 20 விழுக்காடு கட்டண உயர்வை முன்கூட்டியே அறிவித்தது. மூன்றையும் அடுக்கினால் ஏறத்தாழ 39 விழுக்காடு. 2021இல் அந்தத் திட்டமே மூடப்பட்டது. வாடகைக்கு மாறுவது மலிவு என்பது இயல்பாக அமைந்த நிலை அல்ல. மறுபக்கத்தை விலையேற்றி அமைத்த நிலை.

2. கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்பது ஆறுதல், லாபம் அல்ல. மலேசியாவில் நிறுவன வரியின் பொது விகிதம் 24 விழுக்காடு. நூறு ரிங்கிட் வாடகை கட்டினால் வரியில் மிச்சமாவது 24, கையை விட்டுப் போவது 76. வாங்கிய மென்பொருளுக்கும் மூலதனப் படித்தொகை என்ற பெயரில் சில ஆண்டுகளில் அதே கழிவு கிடைக்கிறது. வேறுபாடு கால வரிசையில் மட்டுமே.

3. ‘எப்போதும் புதியது’ என்பது யாருடைய தேவை? ஒரு கணக்கு மென்பொருளைப் பொறியாளர் புதுப்பிக்க வேண்டிய காரணம் பொதுவாக ஒன்றே: தர விதி மாறுவது. விதிகள் நிதானமாக மாறுகின்றன. மலேசியாவில் நகர்ப்புற மழைநீருக்கான கையேட்டை வடிகால், நீர்ப்பாசன இலாகா 2000இல் வெளியிட்டது. இரண்டாம் பதிப்பு வந்தது 2012இல். கான்கிரீட் வடிவமைப்பில் பழைய பிரிட்டிஷ் விதியிலிருந்து ஐரோப்பிய விதிக்கு மலேசியா மாறத் தொடங்கியது 2010 வாக்கில். நிலநடுக்கத்துக்கான தேசிய இணைப்பு 2017இல் வந்தது. இப்படிப்பட்ட திருப்பங்களில் புதிய பதிப்பு வாங்கத்தான் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேவைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுவது, ஊர்த் திருவிழாவுக்காக வருடம் முழுவதும் பந்தல் வாடகை கொடுப்பதற்கு ஒப்பானது. ஆட்டோகேட்டில் 2018 பதிப்போடு வந்த கோப்பு வடிவமே 2025 பதிப்பிலும் இருந்தது. இடையில் கட்டிய ஏழு ஆண்டு வாடகையில் கோப்பளவில் எதுவும் மாறவில்லை.

4. பொறுப்பு எத்தனை ஆண்டு, உரிமம் எத்தனை மாதம்? வாடகை முறையைப் பற்றிய பேச்சு எப்போதும் விலையைச் சுற்றியே நடப்பதால் இந்தக் கேள்வி எழுவதேயில்லை. மற்ற எல்லா மறுப்புகளும் விழுந்தாலும் இது ஒன்று நிற்கும்.

எழுத்தாளருக்கு எழுதி முடித்த கதை அச்சானவுடன் வேலை முடிந்தது. கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டடம் எழுந்தபின்தான் பொறுப்பு தொடங்குகிறது. மலேசியாவில் 2007 ஏப்ரல் 12 முதல், கட்டடம் குடிபுகத் தகுந்தது என்ற சான்றிதழை உள்ளாட்சி மன்றம் கொடுப்பதில்லை. பொறுப்பேற்ற தொழில்முறையாளரே கையெழுத்திட்டுக் கொடுக்கிறார். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த காலவரம்புச் சட்டத் திருத்தம், மறைந்திருக்கும் குறைபாடு பின்னால் தெரியவந்தால் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கவனக்குறைவு வழக்குத் தொடுக்க வழிவிட்டது; அதற்கு மேல்வரம்பு, வழக்குரிமை பிறந்த நாளிலிருந்து 15 ஆண்டு. சட்டம் பொறியாளரிடம் பதினைந்து ஆண்டு நினைவாற்றலை எதிர்பார்க்கிறது. விற்பவர் அந்த நினைவைப் பன்னிரண்டு மாதத் தவணைகளாக வெட்டி விற்கிறார்.

உலு கிள்ளான் ஹைலண்ட் டவர்ஸ் இதற்கு நினைவுகூரத் தக்கது. 1970களில் எழத் தொடங்கிய மூன்று அடுக்குமாடிகளில் முதலாவது, 1993 டிசம்பர் 11 அன்று சரிந்து 48 உயிர்களைக் கொண்டுபோனது. 2000இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது பொறுப்பேற்க வேண்டியவர்களில் பொறியாளரும் இருந்தார். கட்டியதற்கும் தீர்ப்புக்கும் இடையே இருபது ஆண்டுக்கு மேல். அந்தத் தலைமுறையின் வரைபடங்கள் காகிதத்தில் இருந்தன. காகிதத்தைக் கரையான் அரிக்கலாம், மழை நனைக்கலாம்; கடவுச்சொல் கேட்காது.

இன்றைய கட்டடத்தின் கணக்கு ஒரு மாதிரிக் கோப்பில் இருக்கிறது. வாடகை நின்றால் அது திறக்காது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு.

முதல் விடை, எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. பிடிஎஃப் விடைத்தாள், கணக்கு அல்ல. வழக்கில் எதிர்த்தரப்பு நிபுணர், மண்ணின் உராய்வுக் கோணம் இரண்டு பாகை குறைந்திருந்தால் சுவர் நின்றிருக்குமா என்று கேட்பார். அதற்கு மாதிரியைத் திறந்து எண்ணை மாற்றி மறுபடி ஓட்டித்தான் பதில் சொல்ல முடியும்.

இரண்டாம் விடை, தேவைப்படும் மாதத்தில் மட்டும் மறுபடி வாடகைக்கு எடுக்கலாம் என்பது. எந்தப் பதிப்பை எடுப்பது? ஆட்டோடெஸ்க் வாடகையில் கிடைப்பவை நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தைய மூன்றும் மட்டுமே. அதன் கட்டட மாதிரி மென்பொருளான ரெவிட்டின் கோப்பு புதிய பதிப்பில் திறந்து சேமிக்கப்பட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பாது. பகுப்பாய்வு மென்பொருளில் பதிப்புக்குப் பதிப்பு கணக்குமுறையும் இயல்பு அமைப்புகளும் திருத்தப்படுகின்றன. அன்று வந்த விடையே இன்றும் வரும் என்று உறுதி கிடையாது. பன்னிரண்டு ஆண்டு கழித்துத் திறக்கப்படுவது அன்று கையெழுத்திட்ட கோப்பு அல்ல, அதன் வழித்தோன்றல். அதற்குள் மென்பொருளே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் வழித்தோன்றலும் இல்லை.

நிரந்தர உரிமமும் உண்மையில் நிரந்தரம் அல்ல என்று எதிர்வாதம் வரும். அதில் நியாயம் இருக்கிறது. இயங்குதளம் மாறும், விண்டோஸ் 10க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய பதிப்புக்கு மீண்டும் செயலாக்கக் குறியீடு தர மறுத்த விற்பனையாளர்களும் உண்டு. ஆனால் உரிமை கையில் இருந்தால் பழைய கணினி ஒன்றை மூலையில் போர்த்தி வைக்கலாம், மெய்நிகர் கணினியாக்கிச் சேமிக்கலாம். சிரமம்தான், ஆயினும் வழி உண்டு. வாடகைக்காரருக்கு அந்தச் சிரமப்படும் உரிமைகூட இல்லை.

5. கூட்டலாம், குறைக்கலாம் என்பது விற்பவரின் விளக்கத் தாளில். நடப்பில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆண்டுக் கணக்கில் முன்பணம் வாங்குகின்றன. மாத வாடகை உண்டு. ஆனால் ஆட்டோகேட்டின் அமெரிக்க விலைப்பட்டியலில் சுமார் எட்டு மாத வாடகை ஓர் ஆண்டு வாடகையை எட்டிவிடுகிறது. வேலையோ ஆண்டுக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. 2018 மே பொதுத் தேர்தலுக்குப் பின் எம்ஆர்டி 3 ரயில் திட்டம் கைவிடப்பட்டது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜோஹான் செத்தியா வரையிலான எல்ஆர்டி 3 இலகு ரயில் திட்டம், அதே ஆண்டு ஜூலையில் 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடிக்குச் சுருக்கப்பட்டது. இவ்வளவு பெரிய திட்டம் பாதியாகும்போது அடுக்கடுக்காக உள்ள துணை ஆலோசகர்களின் வேலை என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் கட்டிய ஆண்டு வாடகையை ஜூலையில் திருப்பிக் கேட்க இடமில்லை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கட்டுமானத் தளங்கள் வெறிச்சோடியபோதும் புதுப்பிப்பு நாள் நாள்காட்டியில் அதே இடத்தில்தான் இருந்தது.

இன்னொன்று, வேலை முடித்தாலும் பணம் வருவது தனிக் கதை. கட்டுமானத் துறையில் பணம் இழுத்தடிக்கப்படுவது தீராத நோயாக இருந்ததால்தான் 2012ஆம் ஆண்டுக் கட்டுமானப் பணக்கொடுப்பு, தீர்ப்பாய்வுச் சட்டம் இயற்றப்பட்டு 2014 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலோசகருக்கு வரவு பின்னால், வாடகை முன்னால். கருவி சொந்தமாக இருந்த காலத்தில் வரவு தாமதித்தால் சம்பளம் தள்ளிப்போகும், வேலை நிற்காது. இப்போது வரவு தாமதித்தால், அந்த வரவைக் கேட்டு வாதாட வேண்டிய வரைபடமே பூட்டிக்கொள்ளும்.

‘குறைக்கலாம்’ என்பது பகிர்வதையும் குறைத்தது. முன்பு வலையமைப்பு உரிமம் இரண்டு இருந்தால் ஆறு பேர் மாறி மாறிப் பயன்படுத்தினார்கள்; எல்லாரும் ஒரே நேரத்தில் வரைவதில்லை. 2020 ஆகஸ்டிலிருந்து ஆட்டோடெஸ்க் அதை விலக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு பெயரில் உரிமம் என்றது. பழைய ஒன்றுக்குப் பெயருரிமம் இரண்டு, ஒன்றின் விலையை ஒட்டிய விலையில். தாராளமாகத் தோன்றும். ஆனால் இரண்டு நான்காகும், ஆட்கள் ஆறு பேர். மீதி இருவருக்கு யார் கட்டுவது?

6. திருட்டுப் பிரதி ஒழிந்ததா? கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் 1990களில் தட்டிலே போட்டு விற்ற திருட்டு வட்டுகள் இன்று இல்லை. 2000ஆம் ஆண்டு ஒளிவட்டுச் சட்டமும் இணையமும் அவற்றை விரட்டின. திருட்டு இடம் மாறியது, மறையவில்லை. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2017இல் மலேசியாவில் நிறுவப்பட்டிருந்த மென்பொருளில் 51 விழுக்காடு உரிமம் அற்றது என்று கணித்தது. விற்பவர் தரப்பின் கணிப்பு என்பதால் சற்றுத் தள்ளியே நின்று பார்க்க வேண்டும். அப்படியும் வாடகை முறை திருட்டை ஒழித்தது என்பதற்கு அவர்கள் எண்ணே சாட்சி சொல்லவில்லை. உடைத்த பிரதியை வைத்திருப்பவர் கணினியில் எந்தப் புதுப்பிப்பு நாளும் வருவதில்லை. இணையத்தில் நுழைந்து தம்மை நிரூபிக்க வேண்டியவர் பணம் கட்டியவர்தான். கள்வனைப் பிடிக்க 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரைக் கட்டிவைக்கத் தேவையில்லை.

7. நிலையான வருமானம் மென்பொருளை வளர்க்கிறதா, நிறுவனத்தை வளர்க்கிறதா? 2020 ஜூலையில் சாஹா ஹதீத் நிறுவனம் உள்ளிட்ட 25 கட்டடக்கலை நிறுவனங்கள், பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்தவை, ஆட்டோடெஸ்க் தலைமைக்குத் திறந்த மடல் எழுதின. ரெவிட்டின் செலவு ஏறிக்கொண்டே போகிறது, வளர்ச்சியோ நத்தை நடை போடுகிறது என்பது அதன் சாரம். வாடகை கட்டியவர்களே, அதுவும் பெரிய வாடகைக்காரர்களே, வாக்குறுதி நிறைவேறவில்லை என்றார்கள். இதில் வியப்பில்லை. புதிய பதிப்பை விற்க வேண்டியிருந்த காலத்தில் வாங்கத் தூண்டும் அளவுக்கு அது மேம்பட வேண்டியிருந்தது. வாடகையில் வாடிக்கையாளர் விலகாமல் இருந்தால் போதும். கோப்புகள் பூட்டிக்கொள்ளும் என்ற அச்சமே அவரை இருத்தி வைக்கும்.

அந்த வருமானத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதும் வெளிப்படை. மண்ணியல் பொறியாளர்கள் பயன்படுத்தும் பிளாக்சிஸ் 2018இல் பென்ட்லி நிறுவனத்தின் கைக்குப் போனது. சரிவு நிலைப்புக் கணக்குக்கான ஜியோஸ்லோப் 2019இல் சீக்வென்ட்டிடம் போனது, சீக்வென்ட் 2021இல் பென்ட்லியிடமே வந்து சேர்ந்தது. வடிகால் கணக்குக்கான இன்ஃபோவொர்க்ஸ், எக்ஸ்பிஸ்வம் ஆகியவற்றை வைத்திருந்த இனோவைஸை ஆட்டோடெஸ்க் 2021இல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2025இல் பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனங்களான ஆல்டேர் சீமென்ஸுக்கும் அன்சிஸ் சினாப்சிஸுக்கும் கைமாறின. வாங்கி வைத்தவருக்கு விற்பவர் மாறினாலும் பழைய ஒப்பந்தம் நிற்கும். வாடகைக்காரருக்கு வீட்டுக்காரர் மாறினால் அடுத்த ஆண்டு புதிய நிபந்தனை.

வாடகைக்கு இடமே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. வாழ்நாளில் ஒரே ஒரு சுரங்கத் திட்டத்துக்கு ஆறு மாதம் தேவைப்படும் பகுப்பாய்வுக் கருவியை முழு விலை கொடுத்து வாங்குவது மடமை. பைல் இறக்க வந்த இயந்திரத்தை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. பிழை, வாடகை இருப்பதில் இல்லை. வாடகை மட்டுமே இருப்பதில்.

இரண்டுக்கும் இடைவழி கற்பனையும் அல்ல. நிரல் எழுதும் கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் 2015இல் வாடகைக்கு மாற முற்பட்டபோது வாடிக்கையாளர் எதிர்ப்பு கிளம்பியது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியவர், பிறகு நிறுத்தினாலும் ஒரு குறிப்பிட்ட பதிப்பை எப்போதும் வைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் விதியைத் திருத்தியது. அதனால் அது திவாலாகிவிடவில்லை. பொறியியல் மென்பொருளுக்கும் இதே விதியை, குறைந்தது பழைய கோப்பைத் திறந்து மறுபடி ஓட்டிப் பார்க்கும் அளவுக்காவது, கேட்கலாம். கேட்கும் வலு கடைவீட்டு அலுவலகத்துக்கு இல்லை. பெரிய அரசுத் திட்டங்களில் கட்டடத் தகவல் மாதிரியைக் கட்டாயமாக்கிய பொதுப்பணி இலாகாவுக்கும், பொறியாளரின் கையெழுத்துக்குக் காவல் நிற்கும் மலேசியப் பொறியாளர் வாரியத்துக்கும் உண்டு. மாதிரியைக் கட்டாயமாக்கியவர்கள், அந்த மாதிரி பதினைந்து ஆண்டு திறக்கும் என்பதையும் டெண்டரில் ஒரு நிபந்தனையாக எழுதுவது முறையே.

மேலே சொன்ன எக்ஸ்பிஸ்வம் என்ற பெயரில் வரும் ‘ஸ்வம்’ அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மழைநீர்க் கணக்கு மென்பொருள். 1971இல் முதலில் உருவான அது இன்றும் பொதுவுடைமை. யாரும் இறக்கிக்கொள்ளலாம், பழைய பதிப்பையும் வைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா போல ஒரு குடியிருப்பு மூழ்கி, அங்கே பழைய வடிகால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தால், ஸ்வம் கோப்பில் கணக்கை வைத்திருக்கும் அலுவலகம் அன்று மாலையே அதைத் திறந்து ஓட்டிவிடும். அதே கணக்குப் பொறியை உள்ளே வைத்து, மேலே அழகிய திரையைப் போர்த்தி வாடகைக்கு விட்ட மென்பொருளில் கணக்கை வைத்திருக்கும் அலுவலகம், முதலில் விற்பனை முகவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும்.